உன் நாய்க்கு ஒரு மண்டலம் பத்தாது மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. நாய் எங்க? வாசல்லயே படுத்துப் பாதத்தை நக்கிக்கிட்டு இருக்கா? மாத்திரை குடுத்ததும் சொறி ஓடியே போச்சுன்னு டீக்கடையில மார்தட்டுனியே, ஓடுனது திரும்பி வந்திருச்சாக்கும்.

நீ குடுத்த பிரெட்னிசோலோன் நல்ல மருந்துதான். செவந்து வீங்குன தோலை வெரசா அமத்திரும். ஆனா நாய் சொறியுறது உன்கிட்ட அது வைக்கிற பிராது. மாத்திரை பிராது வச்சவன் வாயைப் பொத்துது, அவ்வளவுதான். களவாணி சோத்துத் தட்டுல சம்மணம் போட்டு உக்காந்திருக்கான்.

டாக்டர் பத்து நாளைக்கு எழுதுனதை நீயா வாங்கி ரெண்டு மாசம் ஓட்டுன. நாய் குடம் குடமா தண்ணி குடிச்சு வீடெல்லாம் ஒண்ணுக்கு இருந்துச்சு. அடுப்பங்கரையில சட்டியை உருட்டுச்சு. ‘நல்லா திங்குது, தேறிருச்சு’ன்னு பூரிச்சுப்போன. திங்கச் சொன்னது மாத்திரை மாப்ளே! அப்புறம் ஒரே நாள்ல நிறுத்துனியே, அது இன்னும் மோசம். அந்த மாத்திரை மாதிரி ஒரு சத்து உடம்புலயே ஊறுறது. வெளியில இருந்து வந்துக்கிட்டே இருந்தா சுரப்பி படுத்துக்கும், கூலிக்கு ஆள் வச்சதும் நீ வரப்புப் பக்கம் போகாத மாதிரி. டாக்டர் சொல்றபடி கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சாத்தான் எந்திரிக்கும். ஒங்க அப்பாவோட முட்டிவலி மாத்திரையையும் அதுகூடச் சேத்துப் போட்டுறாத, வயித்துல புண்ணு வந்துரும்.

தெள்ளுப்பூச்சி இல்லைன்னு மொதல்ல பாத்துக்க. அப்புறம் சோறு. நாய்க்கு அதிகமா ஒத்துக்காதது மாட்டுக்கறி, பால், கோழி, கோதுமை. ரத்தத்தை எடுத்து இன்னதுன்னு சொல்றேன்னு எவனாவது காசு கேட்டா நம்பாத. இதுவரைக்கும் அது வாயில படாத கறி ஒண்ணு, படாத கெழங்கு ஒண்ணு, டாக்டரைக் கேட்டு அதை மட்டும் போடு. காடை போடட்டுமான்னு கேக்காத, அது கோழிக்குப் பங்காளி.

எத்தனை நாளா? நீ மாலை போட்டா ஒரு மண்டலம், 48 நாள். நாய்க்கு எட்டு வாரம், 56. நீ வெரதம் காத்த லட்சணம் எனக்குத் தெரியும், நாயாவது ஒழுங்கா இருக்கட்டும். ஆரம்பத்துல அரிப்பு தாங்கலைன்னா டாக்டரே கொஞ்ச நாள் மாத்திரை குடுப்பாரு. அதை நிறுத்துன பெறகும் சொறியாம இருந்தாத்தான் கணக்கு. கடைசியில பழைய கோழியைத் திரும்பப் போட்டுப் பாக்கணும். ரெண்டு வாரத்துக்குள்ள காதைப் பிறாண்டுச்சுன்னா களவாணி சிக்கிட்டான்.

இதுல கஷ்டம் நாய்க்கு இல்லை, வீட்டு ஆளுகளுக்குத்தான். ஒங்க அப்பத்தா முந்தானையில பிஸ்கட்டு இருக்கும். சின்னவன் பால் டம்ளரைக் கீழ வைப்பான். அம்புட்டுப் பேரையும் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கு.

அப்புறம் மாப்ளே... கோவப்படாத. தெனம் காலையில டீக்கடை வாசல்ல அதுக்கு ஒரு பொறையைப் பால்ல நனைச்சுப் போடுறது நாந்தான்.