மனையூர்திச் சுற்றுந்தி ஒழுக்கியல்

மாணாக்க, கையிலுள்ள திருப்புளியைக் கீழே வை. அறிந்தோர் முதலில் வகுப்பர், பின்னரே கழற்றுவர். நூலுக்குக் காப்பு வேண்டும் என்பது மரபு. இந்நூலுக்குக் காப்பு கையுறை. அதை அணிந்துகொண்டு கேள்.

மனையூர்தியாவது, உறங்கவும் சமைக்கவும் இடங்கொண்டு, தன் பொறியால் தானே ஊர்வது. பிறிதோர் ஊர்தியால் இழுக்கப்படுவது இழுமனை. அஃது ஈண்டு ஒழியும். ஐரோப்பாவில் ஓடும் மனையூர்திகளில் மிகப்பல, 1981இல் வெளிவந்த ஃபியட் டுக்காட்டோவின் அடிச்சட்டத்தின்மேல் கட்டப்படுவன. அவற்றுட் சில கடும்பனியிலும் வடக்கு நோக்கிச் செல்லும். அவ்வழிச் செல்வார்க்கு உள்ளே வெம்மை வேண்டுமன்றோ? ஆதலின் எரிவளியாலோ மின்னாலோ கொதிகலம் நீரைச் சூடாக்க, 12 வோல்ட் மின்னில் இயங்கும் சிறுபொறி ஒன்று அந்நீரைக் குழாய்வழியே தள்ள, அது கட்டிலுக்கும் இருக்கைக்கும் பின்னே மறைந்துள்ள சூட்டுத்தகடுகளைச் சுற்றி மீண்டும் கொதிகலம் சேரும். சுவீடனின் ஸ்கோனே பகுதியிலுள்ள ஆல்டே நிறுவனம் இம்முறைக்குப் பெயர்பெற்றது. நீரைத் தள்ளும் அப்பொறியே சுற்றுந்தி. பணிமனையார் 'சர்குலேஷன் பம்ப்' என்பர். அவர் வழக்கு அவர்க்கு.

சுற்றுவது வெறுநீர் அன்று, உறைதடைநீர். அதன் பொதுவான கலப்பு, நீர் 60 விழுக்காடு, எத்திலீன் கிளைக்கால் 40 விழுக்காடு. இது சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 25 பாகை வரை தாங்கும். அற்றேல், மிகுதியாகச் சேர்த்தால் மிகுதியாகக் காக்குமன்றோ எனின், அன்று. என்னை? நீர் கலவாத தனிக்கிளைக்கால் சுழியத்துக்குக் கீழ் 13 பாகையிலேயே உறைந்துபோம்.

இனி ஒழுக்கு. ஒழுக்காவது, உள்ளிருக்கக் கடவ நீர் வெளியிருத்தல். இது மூவழி வகுக்கப்படும்: அளவால், பொழுதால், பிறப்பிடத்தால்.

அளவால் ஐந்து. விரல் நனைந்து தரை நனையாதது கசிவு. இரு துளிகளுக்கிடையே ஒரு மூச்சு விட இடமிருப்பது துளிப்பு. மூச்சுக்கு இடமில்லாதது ஒழுகல். உடையவர் மூச்சையே மறப்பது கொட்டல். ஐந்தாவது பொருக்கு: நீர் சூட்டில் உலர்ந்துபோக, நிறமுள்ள படிவு மட்டும் மூட்டில் ஒட்டிக்கிடப்பது. நீரே இல்லாதபோது இதனை ஒழுக்கென்னலாமோ எனின், என்னலாம். அடிச்சுவடு கண்டு யானை சென்றதென்பது போல.

பொழுதால் இரண்டு. கொதிகலம் அணைந்து குழாய் குளிர்ந்தபின் மூட்டு சுருங்கி ஒழுகுவது குளிரொழுக்கு. சூட்டில் நீர் விரிந்து உந்துதலால் ஒழுகுவது சூட்டொழுக்கு. முன்னதே கொடிது. விடியலில் உடைப்பேழையின் அடியில் குளம் கட்டும். கொதிகலத்தை மூட்டியவுடன் குழாய் பருத்து மூட்டு இறுகி ஒழுக்கு ஒளிந்துகொள்ளும். உடையவர் ஊர்தியைப் பணிமனைக்குக் கொண்டுசென்று காட்டும்போது எல்லாம் உலர்ந்திருக்கும். பணிமனையார் உடையவரை ஒருமுறை நோக்குவர். அந்நோக்கின் வகைகள் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

பிறப்பிடத்தால் ஆறு. ஒருசாரார் ஐந்தென்பர், அவர் ஆறாவதை ஒழுக்கென்று கொள்ளாதார்.

முதலாவது கழுத்தொழுக்கு. குழாய், உந்தியின் கழுத்தைக் கவ்வும் இடத்தில் பிறப்பது. குழாயின் முனை ஆண்டுபல சூடுண்டு இறுகிப்போவதாலும், கவ்வி தளர்வதாலும் வரும். மிக எளிது, மிகுதியும் காணப்படுவது, ஆதலின் எவரும் முதலில் நினையாதது.

இரண்டாவது அச்சொழுக்கு. சுழலும் தண்டு உந்தியின் சுவரைத் துளைத்து வெளிவரும் இடத்தில் காப்புவளையம் தேய்ந்து பிறப்பது. இவ்வளையத்தையே பணிமனையார் 'சீல்' என்பர். காந்தத்தின் ஈர்ப்பால் உள்விசிறியைச் சுழற்றும் உந்திகளில் தண்டு சுவரைத் துளைப்பதில்லை. ஆகவே அத்தகைய உந்தியில் அச்சொழுக்கு கண்டேன் என்பார் கண்டது வேறு.

மூன்றாவது மூடியொழுக்கு, உந்தியின் இரு கூறுகள் பொருந்தும் இடத்து வட்டத்தொய்வம், அதாவது 'ஓ-ரிங்', தட்டையாகிப் பிறப்பது. நான்காவது வெடிப்பொழுக்கு, நெகிழிமெய் பிளந்து பிறப்பது. இவ்விரண்டிலும் விரித்துரைக்க ஒன்றுமில்லை.

ஐந்தாவது வந்தேறொழுக்கு. இதனை மும்முறை படி. எங்கோ மேலேயுள்ள ஒரு மூட்டில் பிறந்த நீர், குழாயின் புறத்தே மெல்ல இறங்கி, உந்தியின் அடிவயிற்றில் வந்து தொங்கி, அங்கிருந்து சொட்டும். காண்பார் உந்தியைக் குறைகூறுவர், புது உந்தி வாங்குவர், மாட்டுவர், மறுநாளும் சொட்டும். துளி விழுமிடம் துளியின் பிறப்பிடம் அன்று என்பதே இவ்வியலின் கருத்து. பழுதற்ற உந்திகள் எத்தனையோ கழற்றி எறியப்பட்டது இதனை அறியாமையால்.

ஆறாவது போலியொழுக்கு. கொதிகலம் அணைந்திருக்க, சமையலின் ஆவியும் உறங்குவோர் மூச்சும் குளிர்ந்த உந்தியின்மேல் படிந்து துளியாவது. இதற்கு நிறமில்லை, விரலிடை வழுக்காது, உலர்ந்தால் பொருக்கு விடாது.

இவற்றை வேறுபடுத்தும் நெறி நான்கு. கண்ணாற் காண்டல், விரலாற் றடவல், மூக்கால் முகர்தல், தாளாற் றேர்தல். ஐந்தாவதாக நாவாற் சுவைத்தல் என்றொன்று உண்டென்பாரும் உளர். அவரை நம்பாதே. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், இனிப்பினும் கொடுநஞ்சு. நாயும் பூனையும் அவ்வினிப்பை நக்கி மாள்வதுண்டு. ஆதலின் தரையிற் சிந்தியதை உடனே துடை.

நான்கனுள் தலையாயது தாளாற் றேர்தல். எல்லா மூட்டையும் துணியால் முற்ற உலர்த்து. உலர்ந்த மென்தாளை ஒவ்வொரு மூட்டிலும் சுற்று. உந்தியை ஓடவிட்டு மேலிருந்து கீழாகப் பார்த்துவா. எத்தாள் முதலில் நிறங்கொள்கிறதோ அதன் மூட்டே குற்றவாளி. குளிரொழுக்கென்று ஐயுற்றால் இரவெல்லாம் அணைத்துவைத்து விடியலில் பார்.

இவ்வாய்வுக்குத் துணை வேண்டும். உந்தி பெரும்பாலும் உடைப்பேழையின் அடியிலோ கட்டிலின் கீழோ இருக்குமாகலின். துணைவர் விளக்கேந்தி எனப்படுவர். அவர் மூவகையர். உன் கண்ணில் ஒளி பாய்ச்சுவார் முதல்வகை. நீ காண்பதை விட்டுத் தாம் காண விரும்புவதைக் காட்டுவார் இரண்டாம்வகை. "இன்னும் எவ்வளவு பொழுது ஆகும்?" என்று வினவியவாறே விளக்கை மெல்லத் தாழ்த்துவார் மூன்றாம்வகை. நான்காவதாக, உந்தியின்மேல் ஒளியை நிலையாக நிறுத்துவார் ஒருவர் உண்டெனக் கேட்டிருக்கிறோம், கண்டதில்லை. நெற்றியில் கட்டும் விளக்கொன்று வாங்கிக்கொள்.

இனித் தீர்ப்பு. கழுத்தொழுக்கு செப்பத்துக்குரியது. கவ்வியைத் தளர்த்தி, இறுகிய முனையைச் சிறிது வெட்டி, கழுத்தைத் துடைத்து, புதுக்கவ்வி இடு. மிக இறுக்காதே, நெகிழிக்கழுத்து வெடிக்கும். முதல்வகையை நான்காம்வகை ஆக்குதல் செப்பம் ஆகாது, திரிபு எனப்படும். மூடியொழுக்குக்குப் புதுத்தொய்வம் போதும். அச்சொழுக்குக்கும் வெடிப்பொழுக்குக்கும் உந்தியை மாற்றுவதே நெறி. வெடிப்பில் பசையிடலாம் என்பது ஒட்டுப்பசையார் கொள்கை. 80 பாகை வரை நாள்தோறும் சூடேறிக் குளிரும் நெகிழியில் அப்பசை நெடிது நில்லாது. உறைதடைநீரிலேயே அடைப்பான் மருந்தை ஊற்றுவார் அவரினும் தாழ்ந்தோர். அம்மருந்து ஒழுக்கை அடைப்பதோடு கொதிகலத்தின் குறுவழிகளையும் அடைக்கும். வந்தேறொழுக்கில் உந்தியைத் தொடாதே. போலியொழுக்குக்குச் சாளரத்தைச் சிறிது திற.

மாற்றும் முறை குறுகியது. கொதிகலம் ஆறட்டும், மின்னை அறு, இருபுறக் குழாய்களையும் இடுக்கியால் நெருக்கு, அடியில் ஏனம் வை, பழைய உந்தியின் அம்புக்குறி எப்பக்கம் நோக்குகிறது என்பதைக் கைப்பேசியில் படமெடு. குழாயை இழுக்காதே, முறுக்கு. வாராதாயின் நீளவாக்கில் கீறிப் புதுக்குழாய் இடு. புது உந்தியின் தண்டு மேல்நோக்கி நில்லாமல் கிடையாக இருக்கட்டும். மேல்நோக்கினால் காற்று அங்கே தங்கும். அம்புக்குறி மாறினால் நீர் மறுபோக்கில் ஓடும். குறையும் நீரை உப்புநீக்கிய நீராலும் முன்னிருந்த வகைக் கிளைக்காலாலும் நிரப்பு. நிறம் ஒத்ததால் வகை ஒத்தது என்று கொள்ளாதே. நீலமும் இளஞ்சிவப்பும் அவரவர் விரும்பி இட்டவை. கலத்தின் மேலொட்டிய தாளைப் படி.

எஞ்சியது காற்று. அது மூவகை. குழாயின் உயர்ந்த வளைவில் தங்குவது மேட்டுக்காற்று. உந்திக்குள் நின்று களகளவென ஒலிப்பது உந்திக்காற்று. நீரிற் கரைந்திருந்து, சூடேறிய சில நாட்களில் வெளிப்படுவது கரைகாற்று. சூட்டுத்தகடுகளின் காற்றுத்திருகைத் திறந்தும், முன்னுருளிகளை மேட்டிலேற்றி ஊர்தியைச் சாய்த்தும் முதலிரண்டையும் போக்கலாம். மூன்றாவதற்குப் பொறுமையே மருந்து. நீர் வாராமல் உந்தியை ஓடவிடாதே. அந்நீரே அதன் தாங்கிக்கு எண்ணெய். சூட்டில் விரியும் நீருக்கு இடங்கொடுக்கும் விரிகலத்தில் குளிர்ந்த நீர்மட்டம் கீழ்க்கோட்டுக்கு மேல் 1 செண்டிமீட்டர் அளவில் நிற்கட்டும். சூடேறியபின் உயர்வதும் ஆறியபின் தாழ்வதும் இயல்பு. அதற்காக மீண்டும் பேழையைத் திறக்காதே.

வடித்த பழநீரை மண்ணில் ஊற்றாதே. கலத்திலிட்டு, நஞ்சென்று எழுதி, கழிவு வாங்கும் இடத்தில் கொடு. உடைப்பேழையில் நனைந்த ஆடைகளின் வகை பதினொன்று. அவை தனிநூலில் விரிக்கப்படும். அதுகாறும் அவற்றை அலசிக் கொடியில் இடு.