ஏற்றினால் இறங்கும்

மலேசியாவில் ஒரு காரின் கண்ணாடி இறங்கிய பிறகு ஏற மறுத்தால், பக்கத்தில் நிற்பவர் "என்ன ஆச்சு?" என்று கேட்பதில்லை. "புரோட்டோனா?" என்றுதான் கேட்பார். மதத்திலும் கட்சியிலும் சாப்பாட்டிலும் பிரிந்து கிடக்கிற இந்த நாட்டில், மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் சேர்ந்து சிரிக்கிற சங்கதிகள் குறைவு. அவற்றில் முதலிடம் 1993-இல் வந்த புரோட்டோன் வீராவுக்கும் 2000-இல் வந்த புரோட்டோன் வாஜாவுக்கும் உண்டு. அவற்றின் பவர் விண்டோவைப் பற்றி காப்பிக் கடைகளில் சொல்லப்பட்ட ஜோக்குகளைத் தொகுத்தால் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் தேறும்.

இதில் பினாங்குக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பாத்தியதை. முதல் புரோட்டோன் காரான சாகா வெளிவந்தது 1985 ஜூலை 9. அதே ஆண்டுதான் எங்கள் பாலமும் திறந்தது. அன்றைய பிரதமர் மகாதீர் ஒரு சாகாவைத் தாமே ஓட்டிக்கொண்டு கடலைத் தாண்டினார். அந்தக் காலத்துச் சாகாக்களில் நான் ஏறியவற்றில் எல்லாம் ஜன்னலுக்குக் கைப்பிடிதான். இப்படிச் சுற்றினால் இறங்கும், அப்படிச் சுற்றினால் ஏறும். அதைப் பற்றி யாரும் ஜோக் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

என்னுடையது புரோட்டோன் அல்ல. ஜப்பானியக் கார். இதை நான் தேவைக்கு அதிகமாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன், முக்கியமாக என் மச்சானிடம். அவன் வைத்திருப்பது வீரா. மழை பிடித்தால் போதும், "என்ன மச்சான், ஜன்னல் வீட்டுக்கு வந்துருச்சா, இல்ல ஆபீஸ்லயே நின்னுருச்சா?" என்று போன் போடுவேன். தீபாவளி விருந்தில் அவன் தட்டில் வடை வைக்கும்போதும் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்து வைப்பேன். அவன் சிரித்துக்கொண்டே சாப்பிடுவான். வீரா வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பக்குவம் வந்துவிடும்.

அக்டோபர் மழையில், பிறை டோல் சாவடியில், என் ஜப்பானியக் காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கியது. அட்டையைத் தட்டினேன். தடுப்புக் கட்டை ஏறியது. கண்ணாடி ஏறவில்லை.

எங்கள் பாலத்தில் ஒரு வசதி: தீவைவிட்டு வெளியேறக் காசு கிடையாது, திரும்பி வரத்தான் கட்டணம். முன்பு காருக்கு 7 வெள்ளியாக இருந்ததை 2020-இல் 5 வெள்ளி 74 சென்னாகக் குறைத்தார்கள். அந்தக் கட்டணத்துக்கு அன்று எனக்குக் கிடைத்தது 13.5 கிலோமீட்டர் குளியல். அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே, பக்கவாட்டுக் காற்றோடு. வலது தோள் தொப்பலாக நனைய, இடது தோள் ஏர்கண்டிஷனில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த மனைவி சற்று நேரம் யோசித்துவிட்டு, கைப்பையிலிருந்து குடையை எடுத்து, காருக்குள்ளேயே விரித்து, என் மேல் சாய்த்துப் பிடித்தாள். முன்னால் பாதை தெரியவில்லை என்றேன். குடையை மடக்கிக்கொண்டே, "ஏங்க, இது புரோட்டோன் இல்லையே?" என்று சந்தேகம் கேட்டாள்.

அன்றிரவு அடுக்குமாடியின் கீழே கார் ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பையைக் கட்டி ஒட்டினோம். காலையில் பார்த்தால் பையைக் காணோம். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூனை படுத்திருந்தது. அதை எழுப்பி அனுப்பிவிட்டுச் சுவிட்சைத் தொட்டேன். கண்ணாடி முனகிக்கொண்டே மேலே வந்தது! தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு அர்ச்சனை என்று அங்கேயே நேர்ந்துகொண்டேன்.

விஷயம் கேட்ட மச்சான் நேரில் வந்தான். வருடக்கணக்கில் வாங்கிய கிண்டலுக்கு வட்டியோடு திருப்பித் தருவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ வைத்தியர் முகத்தோடு, "மாமா, உள்விளக்கப் போட்டுட்டு சுவிட்ச அழுத்துங்க" என்றான். அழுத்தினேன். விளக்கு லேசாக மங்கியது. "விளக்கு மங்குதுன்னா கரண்ட் மோட்டார் வரைக்கும் போவுது. சுவிட்ச் நல்லாருக்கு, வயர் நல்லாருக்கு. உள்ளதான் எங்கயோ இறுகிக் கெடக்கு. மங்கவே இல்லன்னா சுவிட்ச்ல கரி பிடிச்சிருக்கும், இல்ல கதவு மடங்குற எடத்துல ரப்பர் குழாய்க்குள்ள வயர் அறுந்திருக்கும்."

முருகன் விவகாரத்தையும் அவனே தீர்த்துவைத்தான். மோட்டாருக்குள் ஒரு சின்னக் காவல் இருக்கிறதாம். கண்ணாடி சிக்கி மோட்டார் சூடேறினால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆறினால் மறுபடி விடும். ராத்திரி முழுக்க ஆறியதால் காலையில் ஏறியது. கண்ணாடி ஓடுகிற ரப்பர் பள்ளம் வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால், மோட்டார் ஒவ்வொரு தடவையும் அளவுக்கு மீறி முக்குகிறது. முக்கி முக்கிச் சாகிறது. "சிலிக்கான் ஸ்பிரே அடிச்சீங்களா?" என்றான். காருக்கு வெளியே வேக்ஸ் போட்டிருக்கிறேன் என்றேன். அவன் பதில் பேசவில்லை. நேர்ந்த அர்ச்சனையை மட்டும் நான் ரத்து செய்யவில்லை. காரியம் இன்னும் பாக்கி இருந்தது.

முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். குளிரூட்டிய அறை, காப்பி இயந்திரம், சட்டையில் பெயர்ப்பட்டி. அங்கே எழுதிக் கொடுத்த தொகையைப் பார்த்துவிட்டு, இது ஒரு கதவுக்கா நான்கு கதவுக்கா என்று பணிவோடு கேட்டேன். ஒன்றுக்குத்தான். மோட்டாரும் ரெகுலேட்டரும் முழு செட்டாகத்தான் வருமாம். உள்ளே ஒரு சின்னத் துண்டு உடைந்திருந்தாலும் துண்டைத் தனியாகத் தரமாட்டார்களாம். காப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்து, ஜாலான் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு உதிரிபாகக் கடை. கல்லாவில் முதலாளியான தவுக்கே, பனியனோடு. காரின் பெயரையும் வருஷத்தையும் சொன்னேன். "இனி தா அடா. வீரா அடா" என்றார். என்னுடையது இல்லை, வீராவுக்கு இருக்கிறது. இருப்பதென்ன, குவிந்து கிடந்தது: ஒரிஜினல், உள்ளூர்த் தயாரிப்பு, சீனா, அதற்கும் மலிவான சீனா. மோட்டார் தனி, கேபிள் தனி, பிளாஸ்டிக் கிளிப் தனிப் பொட்டலம். 2009 வரை தயாரித்த கார். நாடு முழுக்க ஓடுகிறது. எல்லாக் கதவிலும் ஒரே வியாதி. பிறகு பாகம் ஏன் மலியாது? நான் ஆண்டுக்கணக்கில் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த அலமாரியில் விலை ஒட்டி அடுக்கியிருந்தது. வீராவின் முழு செட்டுக்கு அவர் சொன்ன விலை, சர்வீஸ் சென்டரில் எனக்குச் சொன்ன தொகையின் வரியளவுகூட இல்லை. "என் காருக்கு இதை மாட்ட முடியாதா?" என்று கேட்டேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தவுக்கே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் பழஞ்சந்தைக்கும் போனேன். நின்றுபோன கேமரா, ஒற்றைக் கால் ஸ்பீக்கர், யாருடையதோ பட்டமளிப்புப் படம் எல்லாம் தரையில் விரித்திருந்தார்கள். ஜன்னல் மோட்டார் என்று ஒருவர் எடுத்துக் காட்டியது வைப்பர் மோட்டார். எனக்கு அது தெரியாது; பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்திருந்தது. போனதற்கு ஒரு நல்ல ஸ்குரூடிரைவர் வாங்கினேன். இன்றுவரை அதற்கு வேலை வரவில்லை.

கடைசியில் மச்சான் என்னைப் பாலத்துக்கு அந்தப்புறம், கெடாய் போத்தோங் ஒன்றுக்குக் கூட்டிப்போனான். ஜப்பானில் ஓடி முடித்த கார்களைப் பாதியாக அறுத்துக் கண்டெய்னரில் கொண்டுவந்து பிரித்து விற்கும் இடம். ஜப்பானிலும் நம்மைப் போலவே ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் கதவு கதவுக்குப் பொருந்தும். தகரக் கொட்டகைக்குள், எண்ணெயில் ஊறிய மண்ணில் கதவுகள் மட்டும் வரிசையாகச் சாய்ந்து நின்றன. கடைப்பையன் ஒரு கதவைப் பிரித்து மோட்டாரையும் ரெகுலேட்டரையும் எடுத்தான். மோட்டாரின் இரண்டு வயரையும் ஒரு பழைய பேட்டரியில் தொட்டான். விர்ரென்று சுற்றியது. வயரை இடம் மாற்றித் தொட்டான். எதிர்ப்புறம் சுற்றியது. நான் விஞ்ஞானக் கண்காட்சிக்கு வந்தவனாகக் கைதட்டாத குறை. நான் நினைத்ததைவிட மலிவு, வீராவைவிட அதிகம். மச்சான் அதை இரண்டு தடவை சொன்னான். திரும்பும்போது டோலில், மூடியே வைத்திருந்த கண்ணாடியைத் தொடாமல், கதவைப் பாதி திறந்து, ஒரு காலை வெளியே ஊன்றி, அட்டையை நீட்டினேன். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்து உற்சாகப்படுத்தினார்.

அடுக்குமாடியின் கீழே ஆபரேஷன் தொடங்கியது. எனக்குத் தரப்பட்ட பொறுப்பு டார்ச் பிடிப்பது. கைப்பிடிக் குழிக்குள் ஒரு திருகாணி, கைவைக்கும் இடத்தின் மூடிக்கடியில் ஒன்று, சுவிட்சுக்குப் பின்னால் ஒன்று. எல்லாம் எடுத்தபின், சுற்றிலும் கிளிப்பில் மாட்டியிருக்கும் டிரிம்மை விரல்விட்டு இழுத்தால் டப் டப்பென்று வரும். வயதான கிளிப்புகள் பாதி, டப்பென்று உடைந்தும் வந்தன. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் கறுப்புப் பசை. மழைநீர் உள்ளே வராமல் தடுக்கிறது என்றான் மச்சான். அன்று அது என் முழங்கை, சட்டை, டார்ச், மனைவி கொண்டுவந்த தேநீர்க் கோப்பை ஆகியவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தது. "மாமா, வெளிச்சம் எனக்கு, உங்களுக்கில்ல" என்று மச்சான் அடிக்கடி நினைவூட்டினான்.

கூட்டம் சேர்ந்தது. லிஃப்டுக்குப் போன சீனப் பெரியவர் நின்று, கதவை ஓங்கிச் சாத்தினால் சரியாகும் என்றார். மார்க்கெட் பையோடு வந்த மலாய் அம்மா, ஜன்னலுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் பிரச்சினை இல்லை, தன் வீட்டுக்காரர் அப்படித்தான் வைத்திருக்கிறார் என்றார். இருவரும் கடைசியில் கேட்ட கேள்வி ஒன்றே. இல்லை, ஜப்பானியக் கார், என்று இருவருக்கும் சொன்னேன். இருவர் முகத்திலும் நம்பிக்கை தெரியவில்லை.

கண்ணாடி விழாதபடி மேலே டேப் ஒட்டி நிறுத்திவிட்டு, மச்சான் கதவின் வயிற்றுக்குள் கைவிட்டு ரெகுலேட்டரை வெளியே எடுத்தான். கேபிள் பிரிந்து, கம்பிநார்கள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியைத் தாங்குகிற பிளாஸ்டிக் துண்டு, கட்டைவிரல் அளவு, நடுவில் பிளந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எடையே இல்லை. இத்தனை டோலும் அர்ச்சனையும் இதற்குத்தான்.

புதிய பழைய செட்டை மாட்டினான். பிளக் மட்டும் பொருந்தவில்லை. அது வேறு வருஷத்து மாடலாம். பிளக்கை வெட்டி, இரண்டு வயரையும் முறுக்கி, டேப் சுற்றினான். ரப்பர் பள்ளத்தில் சிலிக்கான் அடித்தான். டிரிம்மை மாட்டி முடிக்கவும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவன் ஷிஃப்டுக்கு நேரமாகவும் சரியாக இருந்தது. சாவியைத் திருப்பி, ஏற்றும் பக்கம் இழுத்தேன். கண்ணாடி சத்தமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு, இறங்கியது. இறக்கும் பக்கம் அழுத்தினேன். ஏறியது.

"வயர மாத்திப் போட்டா அஞ்சு நிமிசம் மாமா. ஆனா டிரிம்ம மறுபடி கழட்டணும்" என்றான். மிச்சமிருந்த கிளிப்புகள் மூன்று. வேண்டாம் என்று பெருந்தன்மையோடு மறுத்தேன். திருடன் வந்தால் குழம்பட்டும், இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் ஒரு வெள்ளைத் துண்டில் அழகான கையெழுத்தில் "தலைகீழ்" என்று எழுதிச் சுவிட்சுக்கு மேல் ஒட்டினாள்.

போன வாரம் காரைக் கழுவக் கொடுத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி ஒரு விரல் அளவு திறந்திருப்பதைப் பார்த்த நேப்பாளத்துப் பையன், பொறுப்பாக, தண்ணீர் அடிக்கும் முன் மூடப் போனான். கொஞ்சம் இறங்கியது. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தான். முழுக்க இறங்கியது. அதற்குள் மறுபக்கத்துப் பையன் நுரைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தான். நான் கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன். ரசீதில், உட்புறச் சுத்தம் என்று தனியாக 5 வெள்ளி சேர்த்திருந்தார்கள்.