சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால்: கேள்வி–பதில்

கேள்வி: மைஎஸ்க்யூஎல் 8.0 போடுகிறேன். எல்லாப் படிக்கும் பச்சை டிக் விழுகிறது. 'ஸ்டார்ட்டிங் த சர்வர்' என்ற இடத்தில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி. எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதேதான். விண்டோஸையே ஃபார்மட் செய்துவிடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. சர்வர் ஏன் எழவில்லை என்பதை அந்தச் சர்வரே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்காமல் பத்து முறை போட்டாலும் பத்து முறையும் அதே இடத்தில்தான் நிற்கும்.

சி டிரைவைத் திறந்து, வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அதுவரை கண்ணில் படாத புரோகிராம்டேட்டா ஃபோல்டர் தெரியும். அதற்குள் மைஎஸ்க்யூஎல், அதற்குள் 'மைஎஸ்க்யூஎல் சர்வர் 8.0', அதற்குள் டேட்டா. அங்கே உங்கள் கணினியின் பெயரிலேயே ஒரு ஃபைல் இருக்கும். கடைசி மூன்று எழுத்து 'இ-ஆர்-ஆர்'. நோட்பேடில் திறந்து நேராக அடிக்குப் போங்கள். கடைசியாகச் சர்வர் எழ முயன்ற இடத்தில் 'எர்ரர்' என்று குறித்திருக்கும் முதல் வரிதான் காரணம். அதற்குக் கீழே வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். பலர் கடைசி வரியைப் படித்துவிட்டு அதையே கூகுளில் தேடுகிறார்கள். வழி தவறுவது அங்கேதான்.

அந்த ஃபைலே இல்லையென்றால் சர்வர் மூச்சே விடவில்லை என்று பொருள். மைக்ரோசாஃப்ட்டின் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' 2019 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: 3306 போர்ட்டில் வேறு சர்வர் ஓடுகிறதா என்று அந்த ஃபைல் என்னையே கேட்கிறதே?

பதில்: கல்லூரிப் பாடத்துக்காகப் போட்ட ஸாம்ப் இன்னும் இருக்கிறதா? அதிலுள்ள மரியாடிபியும் 3306-ஐத்தான் பிடித்துக்கொள்ளும். ஸாம்ப் வேண்டாமென்றால் நிறுத்துங்கள். இரண்டும் வேண்டுமென்றால் புதியதற்கு 3307 கொடுங்கள்.

கேள்வி: புதிதாகப் போடும்போதும் பழைய ரூட் பாஸ்வேர்டைக் கேட்கிறது. எனக்கு மறந்துவிட்டது.

பதில்: அன்இன்ஸ்டால் செய்தால் புரோகிராம்தான் போகும், டேட்டா ஃபோல்டர் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டும் அதற்குள்தான். அந்த ஃபோல்டரை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் போடுங்கள். நாளைக்கு ஒரு டேபிள் தேவைப்பட்டால் எடுக்க இடம் இருக்கும்.

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள புத்தம் புதுக் கணினியில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் கடைசி நிமிடத்தில் தோற்கிறது. 'ரிகவரி ஹேண்டில்' என்று ஏதோ வருகிறது. கணினி பழுதா?

பதில்: பழுதில்லை, புதுசாக இருப்பதுதான் சங்கடம். எஸ்க்யூஎல் சர்வர் 512 அல்லது 4,096 பைட் செக்டார் உள்ள டிஸ்க்கில்தான் ஓடும். சில என்விஎம்இ டிஸ்க்குகள் அதைவிடப் பெரிய அளவைச் சொல்கின்றன. விண்டோஸ் 11 அதை அப்படியே எஸ்க்யூஎல் சர்வரிடம் சொல்லிவிடுகிறது. விண்டோஸ் 10 அப்படிச் சொல்லாததால், அதே டிஸ்க்கில் முன்பு ஓடியிருக்கும். செக்டார் அளவை 4 கேபியாகக் காட்டச் செய்யும் ரெஜிஸ்ட்ரி மாற்றத்தை மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் தந்திருக்கிறது. அதைச் செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, அரைகுறையாக நிற்பதை முழுக்க எடுத்துவிட்டுப் போடுங்கள். ரீஸ்டார்ட் இல்லாமல் பலன் இல்லை.

கேள்வி: கடை பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. எஸ்க்யூஎல் சர்வரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் சர்வீஸ் தம்பி. சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. உங்கள் வரவு செலவெல்லாம் எம்டிஎஃப், எல்டிஎஃப் என்று முடியும் இரண்டு ஃபைல்களில் இருக்கிறது. அன்இன்ஸ்டால் பெரும்பாலும் அவற்றைத் தொடாது. 'சுத்தம் செய்கிறேன்' என்று கையால் ஃபோல்டரை அழிக்கும்போதுதான் ஆபத்து. சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தால் காப்பி எடுக்க விண்டோஸ் விடாது. அதனால் முதலில் சர்வீஸை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு ஃபைல்களையும் உங்கள் கண்முன்னே பென் டிரைவில் காப்பி எடுக்கச் சொல்லி, அந்தப் பென் டிரைவைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே அன்இன்ஸ்டால் பட்டனை அழுத்த விடுங்கள்.