பெயரிலிப் பாட்டியல்

அவையடக்கம்

திரையில் இருவர் பேசிக்கொண்டிருக்கப் பின்னால் ஏதோ ஒரு பாட்டு ஓடுகிறது. உலகோர் பேச்சைக் கேட்பர். ஆய்வாளர் பாட்டைக் கேட்பார். இதனால் யாருக்கு என்ன நன்மை என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாகிவிட்டன. ஆகவே நூல் செய்தே தீரவேண்டியதாயிற்று. இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. கேட்கவும் இல்லை.

ஆய்வெல்லை

டினோ ரிசி இயக்கி 1962இல் வெளிவந்த ‘இல் சொர்பாஸோ’ என்னும் ஒரே படம். தலைப்புக்கு முந்திச் செல்லுதல் என்று பொருள். ஓட்டுநர் வழக்கில் ஓவர்டேக். நாள் ஆகஸ்ட் 15, ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை. ஊரே கடற்கரைக்குப் போய்விட்டதால் ரோம் வெறிச்சோடிக் கிடக்கிறது. லான்சியா அவுரேலியா பி24 காரில் வரும் புரூனோ, தொலைபேசி கிடைக்குமா என்று அலையும்போது சன்னலில் ஒரு சட்டக்கல்லூரி மாணவனைப் பார்க்கிறான். அவன்தான் ராபர்ட்டோ. படித்துக்கொண்டிருந்தவனை இழுத்துப் போட்டுக்கொண்டு கார் கிளம்புகிறது. புரூனோவாக விட்டோரியோ காஸ்மன், ராபர்ட்டோவாக ழான்-லூயி த்ரந்தினியான். பின்னணி இசை ரிஸ் ஒர்டோலானி.

படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் நேரம் ஆய்வாளர் காப்பி போடப் போகும் நேரம். ஆதலால் பாட்டுகள் அனைத்தும் பெயரிலிகள் என்றே கொள்ளப்பட்டன.

இலக்கணம்

பேசுவோர் முன்னிற்கப் பின்னின்று பேரின்றி
ஓசையாய்ப் போவது பெயரிலிப் பாட்டே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பெயரிலியின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. ‘பின்னின்று’ என்றதனால், நாயகன் வாயசைக்கும் பாட்டு விலக்கப்பட்டது. ‘போவது’ என்றதனால், பல்லவி பிடிபடும் முன்னே யாராவது கார்க் கதவைச் சாத்துவர் என்பது பெறப்பட்டது.

முறையியல்

முதலாவது, கருவி முறை. பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலியைத் திறந்து கைப்பேசியைத் தொலைக்காட்சிக்கு முன் நீட்டுதல். செயலி ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்றது. அவ்வேளை குக்கர் மூன்று விசில் விட்டதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம்.

இரண்டாவது, சொல் பிடித்தல். மொழி தெரியாவிட்டாலும் திரும்பத் திரும்ப வரும் சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். ‘குவாந்தோ’ என்ற சொல் விடாமல் காதில் விழுந்தது. ‘எப்போது’ என்று பொருள். பாட்டின் தலைப்பே ‘குவாந்தோ குவாந்தோ குவாந்தோ’. இத்தாலியம் அறியாதாருக்கென்றே இயற்றப்பட்ட பாட்டு.

இங்கே ஒரு தடை. இதைப் பாடியவர் டோனி ரெனிஸ் என்பார் உளர். அது பொருந்தாது. இத்தாலியில் அந்நாளைய சான்ரெமோ பாட்டு விழாவில் ஒரே பாட்டை இருவர் தனித்தனியே பாடுவது மரபு. 1962 விழாவில் இதை ரெனிஸும் பாடினார், எமிலியோ பெரிகோலியும் பாடினார். படத்தில் ஒலிப்பது பெரிகோலியின் குரல். பாட்டைக் கண்டுபிடித்தவர் பாதிக் கிணறுதான் தாண்டியவர் என்க. இத்தாலியப் படத்தில் குரலை நம்பி ஆளை முடிவு செய்யலாகாது. பேச்சைப் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பது அங்கே அன்றைய வழக்கம். ராபர்ட்டோவின் குரலே த்ரந்தினியானுடையதன்று, பாவ்லோ ஃபெர்ராரியுடையது.

மூன்றாவது, பருவ முறை. அந்த ஆண்டின் கோடைப் பாட்டுகளில் தேடுதல். எதோவார்தோ வியனெல்லோ பாடிய இரண்டு பாட்டுகள் படத்தில் உண்டு. ஒன்றின் தலைப்பு ‘துடுப்புக்காலணி, மீன்துப்பாக்கி, கண்ணாடி’ என்று பொருள்படும். கடலுக்குப் போகிறவன் மறக்காமல் எடுத்துவைக்கும் சாமான் பட்டியல். மற்றொன்று ‘பார், எப்படி ஆடுகிறேன்’ என்று தொடங்கும் ட்விஸ்ட். இரண்டும் 1962இல் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வந்தவை. இசைக்கோப்பு எனியோ மொரிக்கோனே! கௌபாய் படங்களால் உலகம் அவரை அறிவதற்கு இரண்டாண்டு முன்பே, அவர் கடற்கரையில் மீன்துப்பாக்கிக்கு வாசித்துக்கொண்டிருந்தார். இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே. வீட்டில் இதை அறிவித்தபோது, “சரி, சாப்பிட வாங்க” என்ற மறுமொழி கிடைத்தது.

பெப்பினோ தி காப்ரியின் ‘சென் த்ரோப்பே ட்விஸ்ட்’டும் இவ்வினமே.

புறனடை

ஒரே ஒரு பாட்டுக்குப் பாத்திரமே உரையாசிரியராகிறது. தொமேனிகோ மொதுன்யோ 1955இல் பாடிய ‘வெக்கியோ ஃப்ராக்’ காரில் ஒலிக்கும்போது, தனிமை, அந்நியமாதல் எல்லாம் இதில் இருக்கிறது, இயக்குநர் அந்தோனியோனியின் படம்போல, என்று புரூனோ விளக்குகிறான். அதே ஆண்டு வந்த அந்தோனியோனியின் ‘லெக்லிஸ்ஸே’யைப் பார்த்தாயா என்றும் கேட்கிறான். தான் அதில் நன்றாகத் தூங்கியதாகவும் சொல்கிறான். உரையாசிரியர்களுள் இத்தகைய நேர்மை அரிது.

காரின் ஹாரன் பாட்டாகுமா எனின், ஆகும். பேச்சை மறித்து ஒலித்தல், அடிக்கடி மீளுதல், ஆக்கியோன் பெயர் தெரியாமை ஆகிய மூன்றும் அதற்கு உண்டு.

காரணம்

ஏனைய பாட்டுகளைப் படத்தில் ஒருவரும் பெயர் சொல்லி அழைக்காதது ஏன்? அலட்சியம் என்பார் சிலர். அன்று, உரிமை. அந்தக் கோடையில் மதுக்கடை, கடற்கரை, பக்கத்து வீட்டு மாடி என எங்கும் இவைதாம் ஒலித்தன. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவை வீட்டாருக்கு யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. அறுபது ஆண்டு கழித்து ஆல்பத்தைப் புரட்டுகிறவன்தான் ‘இது யார்?’ என்று கேட்கிறான். பெயரிலி என்பது பாட்டின் குணமன்று, கேட்பவன் நிற்கும் தூரம்.

முடிவுரை

அட்டவணை நிறைவுற்றது. பாட்டு, பாடியவர், ஆண்டு, ஒலிக்கும் நிமிடம் என்று நான்கு பத்திகள். சரிபார்க்கக் கடைசியாக ஒருமுறை படத்தை ஓட்டியபோது மனைவியும் வந்து உட்கார்ந்தார். கடலோர வளைவு; புரூனோ இன்னொரு காரை முந்துகிறான்; எதிரே லாரி. புரூனோ வெளியே விழுந்து பிழைக்கிறான். கார் ராபர்ட்டோவோடு பாறைகளில் உருண்டு கீழே போகிறது. போலீஸ்காரர் பெயர் கேட்கிறார். ராபர்ட்டோ என்கிறான் புரூனோ. குடும்பப் பெயர் தெரியாது, நேற்றுக் காலையில்தான் பழக்கம்.

“அந்தப் பையனோட முழுப் பேரு என்னங்க?” என்றார் மனைவி.

ஆய்வாளர் அட்டவணையைப் பார்த்தார். அதில் இல்லை.