இருநூறு மீட்டர் ஒழுக்கம்

பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கி அரசே ஒழுங்குபடுத்தலாமா என்று இந்தியாவில் விவாதிப்போர், அத்தொழில் ஏற்கெனவே முழக்கோலால் அளக்கப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1986இல் பெயர் மாற்றம் பெற்ற ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், வயதுவந்த பெண் தன் விருப்பப்படி தனித்துச் செய்யும் தொழிலைக் குற்றம் என்று கூறவில்லை; வழிபாட்டிடம், பள்ளி, மருத்துவமனை முதலியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் செய்வதையே தண்டிக்கிறது. முச்சந்திதோறும் பிள்ளையார் வீற்றிருக்கும் ஊர்களில், 201ஆவது மீட்டரைத் தேடிக் கண்டுபிடிக்க நில அளவையரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். இரு பெண்கள் பாதுகாப்புக்காக ஒரே வீட்டில் சேர்ந்து தொழில் செய்தால், பரஸ்பர ஆதாயம் என்னும் வரையறைப்படி அவ்வீடு 'விடுதி' ஆகி, அதை நடத்துவது குற்றமாகிறது. இத்தொழில் செய்யும் பெண்ணின் வருமானத்தில் தெரிந்தே வாழும் பதினெட்டு வயது கடந்த எவரும் தண்டனைக்குரியவர் என்பதால், அம்மா வாங்கிய கேக்கை வெட்டிப் பதினெட்டாம் பிறந்தநாளைக் கொண்டாடும் மகன், சட்டத்தின் எழுத்துப்படி, மெழுகுவத்தி அணைவதற்குள் குற்றவாளியாகிவிடுகிறான்.

அரசே பதிவேடு வைத்து நடத்தும் முறையும் இங்குப் புதிதன்று. பிரிட்டிஷ் ஆட்சி 1868இல் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம், பெண்களைப் பதிவுசெய்து கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. அவர்களிடம் வந்துபோன படைவீரருக்கு அச்சட்டத்தில் அத்தகைய கடமை எதுவுமில்லை. நோய் ஒருவழிப் பாதையில் மட்டுமே பயணிக்கும் என்னும் அந்த மருத்துவக் கோட்பாட்டைக் கைவிட அரசுக்கு 1888 வரை ஆயிற்று.