பெயருக்கு முன்னால் என்ன போடலாம்?

மிமிக்ரியில் தொடங்கி, டிவி வழியாக சினிமாவுக்குப் போக நினைக்கும் தம்பி, குரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெயரைச் சரிசெய். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குப் போதும். மேடைக்கு அதன் முன்னால் ஒரு சொல் வேண்டும். ஊர்ப் பெயருக்குச் செலவில்லை: மதுரை முத்து, ஈரோடு மகேஷ், அறந்தாங்கி நிஷா. உன் ஊரை வேறு யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் அம்மா பிறந்த ஊரைப் போட்டுக்கொள். வித்தையின் பெயரையும் வைக்கலாம். மேடையில் ரோபோ போல ஆடிய சங்கர் கடைசிவரை ரோபோ சங்கர்தான். பொறுமை இருந்தால் சினிமாவே ஒன்றைத் தரும். ‘சிங்காரி’யில் ‘டணால்’ என்று சொல்லப்போய் தங்கவேலு டணால் தங்கவேலு ஆனது 1951-ல். 2009-ல் ‘வெண்ணிலா கபடிக்குழு’வில் பரோட்டா தின்ற சூரிக்கும் அதே கதைதான்.

அடுத்தது பயிற்சி. திருவிழா மேடையில் உனக்கென்று தனியாக நேரம் ஒதுக்க மாட்டார்கள். கச்சேரிப் பாடகி சோடா குடிக்கும் நேரம்தான் உன் நேரம். மணி பதினொன்றரை இருக்கும். முன்னால் பாயில் பிள்ளைகள் தூங்கும். மைக் ஷாக் அடிக்கும், கைக்குட்டை சுற்றிப் பிடி. முதலில் ரயில் விடு. இரண்டு கையையும் மைக்கைச் சுற்றிக் குவித்து ஒரு கூவு கூவினால் ஏதாவது ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு அழும். உன் முதல் ரசிகர் அவர்தான். அப்புறம் எம்.ஜி.ஆர்., சிவாஜி, நம்பியார், ரஜினி, கமல், விஜயகாந்த். வரிசையை மாற்றாதே, ஜனங்களுக்குக் குழப்பம் வரும். கடைசியில் ரகுவரனின் ‘ஐ நோ’. ‘புரியாத புதிர்’ வந்தது 1990-ல். அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்த இரண்டு சொல்லுக்குக் கை தட்டுவார்கள். நான் பன்னிரண்டு வருடம் சொன்னேன். என்னைத் தவிர யாருக்கும் அலுக்கவில்லை.

சென்னையில் மென்பொருள் கம்பெனித் தம்பிகளுக்கு வேறு பாதை இருக்கிறது. ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில், ஏ.சி. அரங்கம். அலெக்ஸாண்டர் பாபு வேலையை விட்டுவிட்டு அப்படித்தான் அமேசான் பிரைம் வரைக்கும் போனார். அவருக்குப் பாடவும் தெரியும். உனக்கு ரயில்தான் தெரியும்.

டிவிக்கு வருவோம். 2005-ல் விஜய் டிவியில் ‘கலக்கப்போவது யாரு’ தொடங்கியபோது எங்கள் குழுவில் பாதிப் பேர் அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டார்கள். கோயம்பேட்டில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு ஆடிஷனுக்குப் போ என்று அண்ணன்மார்கள் சொல்வார்கள். நம்பாதே. இப்போது பஸ் கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்குள் வந்து சேர்வதற்குள் சிவாஜி குரல் கட்டிப்போகும்.

புடவை கட்டக் கற்றுக்கொள். லேடி கெட்டப் இல்லாமல் எந்த ரவுண்டும் நகராது. கூட்டாளி கறுப்பாக இருந்தால் கறுப்பை வைத்து ஒரு கவுன்டர், குண்டாக இருந்தால் குண்டை வைத்து ஒன்று. இதெல்லாம் ஒழிந்தால் தமிழ் காமெடிக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆனால் நான் வழிகாட்ட உட்கார்ந்திருக்கிறேன், திருத்த அல்ல. நீ பேசி முடித்த பிறகு நடுவரைத் தனியாகச் சிரிக்கச் சொல்லி ரியாக்‌ஷன் ஷாட் எடுப்பார்கள். ஒரு சேனலில் நான் வந்த எபிசோடில், நான் வாயைத் திறக்கும் முன்பே நடுவர் கண்ணீர் வரச் சிரித்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே பெருமை.

இந்தக் கட்டத்தில் உன் மாமா சிவகார்த்திகேயன் கதையை ஆரம்பிப்பார். திருச்சியில் இன்ஜினியரிங் படித்தவர், ‘கலக்கப்போவது யாரு’ ஜெயித்தவர், ‘அது இது எது’வைத் தொகுத்தவர். 2012-ல் ‘மெரினா’, அதே வருடம் ‘3’ படத்தில் தனுஷின் நண்பன், அடுத்த வருடம் தனுஷ் தயாரித்த ‘எதிர்நீச்சல்’ படத்தில் ஹீரோ, 2024-ல் ‘அமரன்’. எல்லாம் உண்மை. அவரோடு அந்த மேடையில் நின்ற மற்றவர்கள் எங்கே என்று கேட்டுப் பார், மாமா காபி குடிக்கப் போய்விடுவார். ‘லொள்ளு சபா’விலிருந்து 2004-ல் ‘மன்மதன்’ படத்துக்குப் போன சந்தானமும் மாமாவின் பட்டியலில் உண்டு. அதே சபாவில் இருந்த மனோகரை இன்றைக்கும் லொள்ளு சபா மனோகர் என்றுதான் சொல்கிறோம். மேலே போன இரண்டு பேரின் பெயருக்கும் முன்னால் ஒன்றும் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. முதல் பத்தியை அழிக்கவும் மனசு வரவில்லை.

சரி, சினிமா. உனக்கு ஹீரோவின் நண்பன் வேடம். எனக்கும் அதுதான் கிடைத்தது. டீக்கடை பெஞ்ச், மூன்று நாள் கால்ஷீட், பேட்டா, ஒரே ஒரு வசனம்: “மச்சான், அவ உன்னத்தான்டா பாக்குறா.” மேடைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொல்லி முடித்ததும் சிரிப்பு வந்து போகக் கொஞ்சம் இடம் விடுவோம். நான் விட்டேன். டைரக்டர் கத்தினார்: “ஏன்யா நிக்கிற, மறந்துட்டியா?” செட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள், தம்பி. லைட் பிடிப்பவருக்குக் கை வலி, கேமராமேனுக்கு வெயில் போய்விடுமே என்ற கவலை. எட்டாவது டேக்கில் டீ கொடுக்கும் பையன் மட்டும் சிரித்தான். ஒன் மோர் போனது.

டப்பிங் அதைவிடக் கஷ்டம். இருட்டு அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர். அந்த ஒரு வரியைச் சொன்னேன்.

“சார், விஜயகாந்த் மாதிரி இருக்கு. உங்க வாய்ஸ்ல சொல்லுங்க.”

மறுபடி சொன்னேன்.

“இப்ப ரகுவரன் சார்.”

தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டில் சாப்பாடு கேட்கிற மாதிரி சொல்லுங்கள் என்றார். வீட்டில் எப்படிக் கேட்பேன் என்று யோசித்தேன். அங்கேயும் நம்பியார் குரலில்தான் கேட்பேன்; மனைவி சிரிப்பாளே என்று. கடைசியில் வேறொருவர் வந்து பேசிவிட்டுப் போனார். நன்றாகத்தான் பேசியிருந்தார். முதல் நாள் பதினோரு சொந்தக்காரர்களைத் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். டீக்கடை வந்தது, என் தோள் வந்தது, அவர் குரல் வந்தது.

ஆகவே இப்போதிருந்தே தினம் கால் மணி நேரம் யார் மாதிரியும் இல்லாமல் பேசிப் பழகு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ‘கைதி’யில் லாரியில் கார்த்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரும் தீனாவைப் பார். அவரும் மிமிக்ரிக்காரர்தான். படம் முழுக்க ஒரு குரலையும் கடன் வாங்கவில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு நம் கமிட்டி நோட்டீஸ் அடிக்கப் போகிறது. எனக்கு அடுத்தபடியாக உன் பெயர். முன்னால் என்ன போட வேண்டும், ஒன்றும் வேண்டாமா என்று வியாழக்கிழமைக்குள் அச்சகத்துக்குச் சொல்லிவிடு. பாடகி சோடா குடிக்க ஏழு நிமிடம் ஆகும்.