முருகனுக்கு இங்கே கல்யாணம் ஆகவில்லை

உத்தியோகத்தில் மாற்றல் வந்தால் மனிதனுக்கு முகவரி மாறும், கேஸ் இணைப்பு மாறும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறும். கட்டிய மனைவி மாறுவதில்லை, தம்பி அண்ணனாவதில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்கு வந்து இறங்கினால் தெய்வங்களுக்கு இதெல்லாம் நடக்கிறது. இரண்டு மனைவி உள்ளவர் பிரம்மச்சாரி ஆகிவிடுகிறார். பிரம்மச்சாரிக்கு இரண்டு மனைவி வாய்க்கிறது. தம்பி அண்ணனாகி விடுகிறார். ரேஷன் கார்டில் ஓர் எழுத்தைத் திருத்தவே நாமெல்லாம் செருப்புத் தேய நடக்கிறோம்.

எனக்கு இந்த விவரம் அம்மாவால் தெரியவந்தது. அம்மா பிறந்த ஊர் திருப்பரங்குன்றம். ஆறுபடை வீடுகளில் முதல் வீடு. முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த இடம். பங்குனித் திருக்கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் என்ற முறையில் மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கநாதரும் வந்து இறங்குவார்கள். சிறுவயது முதல் அந்தக் கல்யாணத்தைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்குத் தானும் பெண் வீட்டாரில் ஒருத்தி என்ற நினைப்பு. மாப்பிள்ளை வள்ளியையும் கட்டிக்கொண்டதில் அவளுக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு.

அப்பேர்ப்பட்டவள் புனே வந்த புதிதில், ஒரு கிருத்திகை நாளன்று, "இங்க முருகன் கோயில் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். பர்வதி மலையில் இருக்கிறது. பேஷ்வா நானாசாகேப் 1749-இல் எழுப்பிய தேவதேவேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலேயே கார்த்திகேயருக்கும் கோயில். ஏறுவதற்கு 103 படிகள். பழனி ஏறியவளுக்கு அதெல்லாம் வாசற்படி. பூவும் பழமும் பாலுமாகக் கிளம்பியவளை எதிர்வீட்டு ஆஜி மறித்தாள். ஆஜி என்றால் அங்கே பாட்டி. இரண்டு பாட்டிகளுக்கும் நடுவில் என் மனைவி மொழிபெயர்ப்பாளர்.

"பொம்பளைங்க அந்தச் சாமியைப் பார்க்கக் கூடாதாம், அத்தை."

"ஏனாம்?"

"அவர் பிரம்மச்சாரியாம்."

அம்மா பூக்கூடையைக் கீழே வைத்தாள். "யாரு, முருகனா? நான் கண்ணால பார்த்த கல்யாணம்மா அது. வருஷா வருஷம் பார்த்திருக்கேன்!"

ஆஜி அசைந்து கொடுக்கவில்லை. கார்த்திகேயரைப் பார்த்த பெண் ஏழு பிறவிக்குத் தாலி இழப்பாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கார்த்திகைப் பௌர்ணமிக்கு மட்டும் விலக்கு. மனைவி இதைச் சொல்லி முடித்ததும், சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். அப்பா கறுப்புச் சட்டைக் கூட்டங்களில் வளர்ந்தவர். ராகு காலமாகப் பார்த்துத் தாலி கட்டியதை இன்றும் சொல்லிப் பெருமைப்படுகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் வழக்கத்தை மதிக்கணும்" என்றார்.

இத்தனை குழப்பத்துக்கும் வேர் ஒரு பந்தயத்தில் இருக்கிறது. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்கு நம் கதையில் பரிசு மாம்பழம். சிவபுராணத்தில் பரிசு கல்யாணம். முந்துகிறவருக்கு முதலில் முடித்துவைப்பதாகப் பேச்சு. பிள்ளையார் இரண்டிலும் ஒரே உத்தியைக் கையாண்டு அப்பா அம்மாவைச் சுற்றினார். நம்மூரில் பழம் கிடைத்தது; தின்றுவிட்டு அரசமரத்தடியில் தனியாக உட்கார்ந்துவிட்டார். அங்கே சித்தி, புத்தி என்று இரண்டு பெண்கள் கிடைத்தார்கள். புனேக்காரர்கள் ரித்தி, சித்தி என்பார்கள். நமக்குத் தம்பியும் அவர்களுக்கு அண்ணனுமான முருகன் தோற்று, இரண்டு கதையிலும் கோபித்துக்கொண்டு மலையேறினார். நம் கதையில் அது பழனி. சிவபுராணத்தில் கிரௌஞ்ச மலை. பிள்ளையைச் சமாதானப்படுத்தப் போன பெற்றோர் ஸ்ரீசைலத்தில் தங்கிவிட்டதாகக் கதை. புனேவும் வேண்டாம், பழனியும் வேண்டாம் என்று நடுவில் ஆந்திராவில் இறங்கிக்கொண்டார்கள் போலும். மாம்பழத்தைப் பரிசாக வைத்த வீட்டில் கோபித்துப் போன பிள்ளைக்கு இரண்டு கல்யாணம். கல்யாணத்தையே பரிசாக வைத்த வீட்டில் அவனுக்கு ஒன்றுகூட இல்லை. பெற்றோர் கவனிக்க.

பிள்ளையார் விஷயத்தில் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். அம்மாவைப் போலவே பெண் வேண்டும் என்று ஆற்றங்கரையில் காத்திருக்கும் பிள்ளையாரைத்தான் அவளுக்குத் தெரியும். புனே காலண்டரில் அவர் இருபுறமும் மனைவிமாரோடு வீற்றிருப்பதைக் கண்டு, "போகட்டும், நம்ம பக்கம் அமையல. இங்கயாவது அமைஞ்சுதே" என்றாள்.

அந்த ஊரில் பிள்ளையாருக்கு நடக்கும் மரியாதையே தனி. 1893-இல் திலகர் அவரை வீட்டுப் பூஜையறையிலிருந்து வீதிக்கு அழைத்து வந்தார். இன்னும் அவர் உள்ளே போன பாடில்லை. கசபா கணபதிக்கு முதல் மரியாதை. தாம்படி ஜோகேஸ்வரி, குருஜி தாலீம், துளசிபாக், கேசரிவாடா என்று அடுத்த நான்கு பேர் வரிசை பிசகாமல் பின்னால் வருவார்கள். கடைசி நாள் ஊர்வலம் தோல், தாஷா முழக்கத்தோடு ஒரு நாள் முழுதும் போய், மறுநாளும் போகும். எங்கள் ஊரில் குடை வைத்த களிமண் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போட்டு, கொழுக்கட்டை படைத்து, மூன்றாம் நாள் கிணற்றில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். இங்கே ஆஜி வந்து, "உங்கள் வீட்டில் எத்தனை நாள்?" என்று விசாரிக்கிறாள். ஒன்றரை நாள், ஐந்து, ஏழு, பத்து என்று வீட்டுக்கு வீடு கணக்கு. நடுவில் கௌரி வேறு வந்து மூன்று நாள் தங்குகிறாள். "ரெண்டு மருமக இருக்கிற வீட்ல மாமியார் மூணு நாள்தான் தங்க முடியும்" என்றாள் அம்மா. என் மனைவி இதை மட்டும் ஆஜிக்கு மொழிபெயர்க்கவில்லை.

அனுமாரும் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். நம்மூரில் வடைமாலையும் வெண்ணெய்க் காப்புமாக இருப்பவர், புனேயில் சனிக்கிழமைதோறும் எண்ணெயையும் எருக்கிலை மாலையையும் ஏற்றுக்கொள்கிறார். அம்மா மிளகு வடை கோத்து எடுத்துப் போனாள். பூசாரி மறுக்காமல் சாத்தினார். வரிசையில் நின்ற ஒருவர் மட்டும் சட்னி உண்டா என்று கேட்டாராம்.

பொங்கலன்று அப்பாவின் முறை. மகர சங்கராந்திக்கு மராட்டியர் கறுப்பு உடுத்துவார்கள். குளிர் உச்சத்தில் இருக்கும் நாள். கறுப்பு வெயிலை இழுத்து உடம்புக்குச் சூடு தரும் என்பது காரணம். எதிர்வீட்டிலிருந்து கறுப்புப் பட்டுப் புடவையில் எள்ளுருண்டையோடு வந்து நின்றவர்களைக் கண்டு, பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்த அம்மா விதிர்விதிர்த்துப் போனாள். அப்பா உள்ளே போய் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒரு பண்டிகையை மனம் நிறைந்து கொண்டாடியது புனேயில்தான்.

தெய்வங்கள் இப்படி வளைந்து கொடுக்க, விறைத்துக்கொண்டு நிற்பது நாம்தான். ஊரில் மார்கழி விடியலில் ஒலிபெருக்கியைச் சபித்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடியவன் நான். புனேயில் நிஜமான குளிரில், யாரும் எழுப்பாமலே எழுந்து கைப்பேசியில் திருப்பாவை போடுகிறேன். வெளியூர் போனவனுக்குப் பக்தி ஒரு சுற்றுப் பெருத்துவிடும். உலகமெல்லாம் வேலைக்குப் போகிற பிலிப்பைன்ஸ்காரர்களும் இதே ரகம். அவர்கள் ஊரில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் விடியுமுன் பூசை. மாதா கோயில் வாசலில் மூங்கில் குழாயில் அவித்த அரிசிப் புட்டு விற்கும். போன நாடுகளிலும் அந்த ஒன்பது நாளை அவர்கள் விடுவதில்லை. நம் மார்கழி பிறப்பதும் ஏறக்குறைய அதே டிசம்பர் 16தான். கர்த்தரோ கண்ணனோ, இருட்டில் எழுப்பிவிட்டுக் கையில் அரிசிப் பண்டம் கொடுப்பதில் கட்சி பேதம் இல்லை.

ஒரு காலத்தில் மராட்டியர்களும் நம்மிடம் இப்படி வந்து சேர்ந்தவர்கள்தான். சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான தம்பி ஏகோஜி தஞ்சாவூரில் 1676-இல் ஆட்சியைத் தொடங்க, 1855 வரை அவர் வம்சம் அங்கே அரியணையில் இருந்தது. பெரிய கோயில் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803-இல் தங்கள் வம்ச வரலாற்றை மராத்தியில் நீளமாகச் செதுக்கி வைத்தார். அதே கோயிலில் முருகன் வள்ளி தெய்வானையோடுதான் இருக்கிறார். அதற்காக யாரும் மூட்டை கட்டிக்கொண்டு புனேவுக்குத் திரும்பவில்லை. நம் கச்சேரிகளின் கடைசியில் அபங்கம் வந்ததும் அவர்கள் வழியாகத்தான். சாம்பாருக்கே மராட்டிய மன்னர் சம்பாஜியால் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. புனே ஓட்டல் ஒன்றில் சாம்பார் பாயசம்போல் இனித்தபோது, உரிமைக்காரர்கள் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று குடித்துவைத்தேன்.

அம்மா கடைசியில் ஒரு கார்த்திகைப் பௌர்ணமியன்று ஆஜியையும் கூட்டிக்கொண்டு மலையேறினாள். கூட்டத்தில் நின்று கும்பிட்டுவிட்டு இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னாள்: "பொண்டாட்டிங்களை ஊர்ல விட்டுட்டு வேலைக்கு வந்திருக்கான். இங்க யார்கிட்டயும் சொல்லலை போல."

புனேவுக்கு மாற்றலாகி வரும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பெண்களோடு பர்வதிக்குப் போவதானால் கார்த்திகைப் பௌர்ணமித் தேதியை அந்த ஊர்க் காலண்டரில் பாருங்கள். நம் திருக்கார்த்திகைக்கு அது சில வருஷம் ஒரு மாதம் முந்திவிடும். தண்ணீர் கொண்டு போங்கள். மலைமேல் வள்ளி, தெய்வானை பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.